மண்டையோட்டின் இடது கன்னம்

மாயம்மாளைக் கள்ளி என்று முதலில் சொன்னவள் ஜிஷா. கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள். மலையாளம் தெரியாத அவர்களுக்குக்கூட என்ன சொல்லப்பட்டது என்று புரிந்திருக்கும்; கையிலிருந்த பித்தளை விளக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெரு என்கிற ஜூ டவுனில் ஷிபுவின் பழம்பொருள் கடை அது. மரத்தூண்களுக்கும் கப்பல் விளக்குகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் பழைய பிரிட்டிஷ் ராணுவத்தின் தொப்பிச் சின்னங்கள். கடையில் எல்லோரும் அவற்றை பேட்ஜ் என்பார்கள். அன்று காலை திருப்பூணித்துறையிலிருந்து ரங்கசாமி வந்து அந்தப் பெட்டியின் மேல் ஒரு பேட்ஜை ஓங்கி வைத்தார். வெலிங்டன் தீவில் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக பேட்ஜ் சேர்க்கிறார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஷிபுவிடம் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்கியிருந்தார்.

வெள்ளை உலோகத்தில் ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, அடியில் ஒரு நாடா. நாடாவில் ‘ஆர் குளோரி’ என்று இங்கிலீஷ் எழுத்து. சாவு, இல்லையேல் புகழ் என்பது அதை அணிந்த பிரிட்டிஷ் குதிரைப்படையின் வாக்கு. சாவு என்பதை எழுத்தில் போடாமல் மண்டையோட்டையே வைத்துவிட்டார்கள். ரங்கசாமி அதன் படத்தை இங்கிலாந்தில் விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார். போலி என்று பதில் வந்திருந்தது.

“நான் காட்டினது ஒரிஜினல் சாரே. நீங்களே லென்ஸ் வச்சுப் பார்த்தில்லையா?” என்றான் ஷிபு. பிறகு திரும்பாமலேயே கட்டைவிரலைப் பின்பக்கம் நீட்டினான். “பொதிஞ்சு கொடுத்தது இவளாக்கும்.”

மாயம்மாள் அங்கேதான் கையில் துணியோடு நின்றிருந்தாள். கடையில் கணக்கு எழுதும் ஜிஷா மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

“அன்னைக்கு இவ அதை உள்ளே கொண்டுபோயி கொறே நேரம் கழிச்சாக்கும் வந்தா. நான் கண்டதா. நல்லதை எடுத்துட்டு டூப்ளிகேட்டைப் பொதிஞ்சிருக்கா. கள்ளி.”

ரங்கசாமி மாயம்மாளை அப்போதுதான் ஒரு ஆளாகப் பார்த்தார். “உன்னைப் போலீஸ்ல கொடுத்தா எல்லாம் தன்னால வெளியில வரும்” என்றார்.

மாயம்மாள் பெட்டியின் மேல் கிடந்த பேட்ஜைப் பார்த்தாள். அந்த மண்டையோட்டைத் தூரத்திலிருந்தே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது மாற்றி வைக்கப்பட்டதல்ல. ஷிபு கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியதும் அதேதான், அவள் பொதிந்து கொடுத்ததும் அதேதான். அதைப் பழசாக்கியவளே அவள்தான். இதைச் சொன்னால் திருட்டுப் பட்டம் போகும்; அதைவிடப் பெரிய பட்டம் வந்து ஒட்டும். அந்த யோசனையில் நேரம் போய்விட்டது. அதற்குள் ஷிபு அவளுடைய பையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். ஜிஷா பையைக் கவிழ்த்தாள். சோற்றுப் பாத்திரத்தையும் திறந்து, கப்பைக் கிழங்குக்கும் மீன்குழம்புக்கும் நடுவே கரண்டியை விட்டுத் துழாவினாள்.

“மதி, போதும். இனி இந்தப் படியில கால் வைக்கக் கூடாது” என்றான் ஷிபு. அவளிடம் அவன் எப்போதும் மலையாளம்தான் பேசுவான். திட்டும்போது மட்டும் தமிழுக்கு வருவான். தமிழில் திட்டினால்தான் அவளுக்கு உறைக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

மாயம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சுக்கு மூட்டை சுமக்க வந்தவரின் மகள். பிறந்தது மட்டாஞ்சேரி, வாக்கப்பட்டது சுள்ளிக்கல். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது மலையாளம், இங்கிலீஷை எழுத்தெழுத்தாகப் படமாகத்தான் பார்க்கத் தெரியும். பித்தளை துடைக்க ஆள் வேண்டும் என்று ஷிபு கூப்பிட்டுச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

சேர்ந்த வருடமே வடக்கிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே நானூறு பேட்ஜ், எல்லாம் நேற்றுப் பிறந்தது போலப் பளபளவென்று. “இதைப் பழசாக்கணும்” என்றான் ஷிபு. எப்படி என்று அவனுக்கும் தெரியாது. மாயம்மாள் கடையில் இருந்த அசல் பேட்ஜ் ஏழெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாள்கணக்காகப் பார்த்தாள். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, பச்சை எங்கே பூத்திருக்கிறது என்று பார்த்தாள். வினிகரும் உப்பும் தடவிப் பித்தளையைப் பச்சை பூக்க வைத்தாள். வெள்ளை உலோகத்தை அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு டப்பாவில் அடைத்துக் கறுக்க வைத்தாள். அப்புறம் பாலிஷ் தொட்ட காக்கித் துணியால் மணிக்கணக்காகத் தேய்ப்பு. பட்டாளத்துக்காரன் இருபது வருடம் தினமும் துடைத்தால் எவ்வளவு மழுங்குமோ, அவ்வளவு ஒரு வாரத்தில் மழுங்கும். இடுக்குகளில் காய்ந்த வெள்ளைப் பாலிஷைக் கொஞ்சம் விட்டுவைப்பாள். அசலில் அது இருக்கும்.

பொய்யைச் செய்யச் செய்ய மெய் எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அசல், தகட்டை அச்சில் அடித்துச் செய்தது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் அப்படியே குழியாக இருக்கும். போலி, உருக்கி வார்த்தது. பின்பக்கம் ரவையைக் கொட்டியது போலச் சொரசொரக்கும். கிரீடத்தின் தலை உருண்டிருந்தால் ராஜா காலம், நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ராணி காலம். ராணி இறந்து மகன் பட்டத்துக்கு வந்ததும் உருண்ட கிரீடம் மறுபடி வந்துவிட்டது. அதனால் கிரீடத்தை மட்டும் பார்த்து வயது சொல்லக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஷிபு பிளாஸ்டிக் பேட்ஜ் ஒரு கைப்பிடியைக் குப்பையில் வீசினான். அவள் பொறுக்கி எடுத்தாள். உலக யுத்தத்தில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிளாஸ்டிக்கில் செய்து மாட்டினார்கள், இதையும் ஆட்கள் தேடுகிறார்கள் என்று மகளின் போனில் மலையாளத்தில் தேடிப் பார்த்து வந்து சொன்னாள். ஷிபு அதை ஒரு ஆஸ்திரேலியாக்காரருக்கு நல்ல விலைக்கு விற்றான். கண்டுபிடித்தது தான்தான் என்று எல்லோரிடமும் சொன்னான்.

பொய் சொல்வது ஷிபுவின் வாய், தன் வேலை தேய்ப்பது மட்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். சம்பளம் வாங்குகிற நாளில் அது போதுமானதாக இருந்தது.

வேலை போன மறுநாளே அந்தத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினாள். மூன்று கடையில் ஆள் தேவையில்லை என்றார்கள். நாலாவது கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: “ஷிபுவோட மண்டையோடு எங்கே? அதைக் கொடுத்துட்டு வேலை கேளு.” வீட்டில் நாத்தனார் வீரலட்சுமி, தன் நகையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டும்போது சாவிச் சத்தம் கேட்கும்படி பூட்டினாள்.

“நீ எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே” என்றான் புருஷன் முத்துவேல். கார்ப்பரேஷன் குப்பை வண்டி ஓட்டுகிறவன். “இப்படி உம்முனு இருந்தா ஊரு என்ன நினைக்கும்?”

“எடுக்கலன்னு மட்டும் சொன்னா முடியாது. மிச்சத்தையும் சொல்லணும்.”

“மிச்சம் என்ன?”

அவள் சொன்னாள். “பதினோரு வருஷமா நீ முட்டை அவிச்சது இதுக்கா?” என்று மட்டும் கேட்டான் முத்துவேல். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ரங்கசாமி போலீசுக்குப் போகவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். பதினைந்தாம் நாள், சுக்குக் கிடங்குக்கு மேலே இருக்கும் சங்க அறையில் பஞ்சாயத்து. மாயம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே படியேறிப் போனாள். இருபது பேர் நாற்காலியில் இருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“இவ எதுக்கு இங்கே வந்தா?” என்றான் ஷிபு.

“என்னைப் பத்தித்தானே பேசுதீங்க” என்றாள் மாயம்மாள். சங்கத் தலைவரைப் பார்த்துத் திரும்பினாள். “சாரே, அந்த பேட்ஜை இன்னைக்கு நான் கையால தொடல. இங்கே நின்னே சொல்லுதேன். பார்க்கிற ஆளுக்கு இடப்பக்கம் இருக்கிற கன்னம் நல்லா மழுங்கியிருக்கும். வலப்பக்கக் கன்னத்து எலும்பு அப்படியே கூர்மையா நிக்கும். பாருங்க.”

தலைவர் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். பேட்ஜ் கைமாறிக் கைமாறி ரங்கசாமியிடம் போயிற்று. அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். “ஆமா” என்றார், கசப்போடு.

“இவ கையிலதானே இருந்துச்சு, தெரியாதா பின்னே?” என்றான் ஷிபு.

“எனக்கு இடது கைப் பழக்கம்” என்றாள் மாயம்மாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்துப் பாதி தேய்ந்திருந்தது. “வலது கையில பிடிச்சிக்கிட்டு இடது பெருவிரலால தேய்ப்பேன். அழுத்தம் எல்லாம் ஒரு பக்கத்துலதான் விழும். திருப்பித் திருப்பித் தேய்க்கணும்னு தெரியும். பத்துல எட்டு தடவை மறந்துபோகும். இது நான் பழசாக்கினது. மாத்தி வைக்கல. இதைத்தான் இவரு ஒரிஜினல்னு வித்தாரு.”

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஷிபு சிரித்தான்.

“பட்டாளத்துல இடது கைக்காரனே இருந்திருக்க மாட்டானா? அவன் துடைச்சது அப்படித் தேய்ஞ்சிருக்கும்.”

“இருந்திருப்பான். அப்போ உங்க கண்ணாடிப் பெட்டியை இங்கே கொண்டுவரச் சொல்லுங்க. எத்தனை இடது கைக்காரன் இருக்கான்னு எண்ணிப் பார்ப்போம்.”

ஷிபு வேண்டாம் என்றான். அந்த ஒரு வார்த்தையில் பாதி முடிந்துவிட்டது. தலைவர் இரண்டு பேரை அனுப்பினார். பெட்டி வந்தது. முப்பத்தாறு பேட்ஜ். சிங்கம், யாழ், மான் தலை, பீரங்கி, நட்சத்திரம். ஒவ்வொன்றாக மேசையில் வரிசையாக வைத்தார்கள். இருபத்தெட்டில் இடப்பக்கம் மழுங்கியிருந்தது. லென்ஸ் தேவைப்படவில்லை, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே தெரிந்தது.

“அடுத்து இதையும் பாருங்க” என்று ஒன்றைத் திருப்பினாள் மாயம்மாள். “பின்னாடி ரவை மாதிரி இருக்கு. வார்த்தது. இந்த எட்டும் அடிச்சது. இது நல்லது. இதுல நான் கை வைக்கல.”

ரங்கசாமி எழுந்தார். ஷிபுவை அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மாயம்மாளின் எதிரே வந்து நின்றார்.

“அவன் வியாபாரி. பொய் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் லென்ஸோட போறேன். என் லென்ஸை ஏமாத்தினது நீ. எத்தனை வருஷம் ராத்திரி உட்கார்ந்து இதுகளைப் பார்த்து சந்தோஷப்பட்டிருப்பேன் தெரியுமா? உன் எச்சில் துணியைப் பார்த்தா சந்தோஷப்பட்டேன்?”

மன்னிப்புக் கேட்கலாம் என்று மாயம்மாள் நினைத்தாள். இருபது பேர் முன்னால் ஷிபு தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் குனிய அவளுக்கு மனம் வரவில்லை. கேட்காமலே படியிறங்கி வந்துவிட்டாள். அந்த ஒன்றுக்காகப் பிறகு அவள் வருத்தப்பட்டதுண்டு.

ஷிபு ரங்கசாமிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். பேட்ஜ் விற்பதை நிறுத்திவிட்டதாகச் சங்கத்தில் எழுதிக் கொடுத்தான். கடை நடந்துகொண்டுதான் இருந்தது. மாயம்மாளுக்குத்தான் வேலை இல்லை. முன்பு கள்ளி என்றவர்கள் இப்போது வேறொன்று சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இடது கன்னத்துக் கதை கொச்சி முழுக்கப் பரவியது. பேட்ஜ் சேர்க்கிறவர்கள் ஆளாளுக்குத் தங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் சுள்ளிக்கலுக்கு வந்தார்கள். எர்ணாகுளத்து டாக்டர் ஒருவர் வாசலில் நின்று ஏழு பேட்ஜை அவள் காலடியில் கொட்டிவிட்டுப் போனார். “எவன் எவனோ வந்து வாசல்ல கத்துறான்” என்று வீரலட்சுமி பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள்.

இரண்டு மாதம் கழித்து ரங்கசாமி வந்தார். ஆட்டோவிலிருந்து மூன்று மரப்பெட்டிகளை இறக்கினார். உள்ளே வரச் சொன்னதற்கு வராமல், சிட்டவுட் என்கிற வாசல் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இருநூத்திப் பத்து இருக்கு. உன்னது எது, மத்தவன் போலி எது, அசல் எது, பிரிச்சு வை. சும்மா வேண்டாம். ஒண்ணுக்கு என்ன வேணுமோ வாங்கிக்கோ. உன்கிட்ட எனக்கு இலவசம் எதுவும் வேண்டாம்.”

“சாயா குடிக்கிறீங்களா சாரே?”

“வேலையைப் பாரு.”

நாலு மணி நேரம் ஆனது. எழுபத்து மூன்று அவள் கை. பத்தொன்பது வேறு யாரோ செய்தது. ஒவ்வொன்றைத் தனியே வைக்கும்போதும் அவர் கண்ணை மூடித் திறந்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் அசலை ஒதுக்கியிருந்தார். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் ஒன்றைப் பொம்மைச் சாமான் என்று பெட்டி மூலையில் எறிந்திருந்தார். அது யுத்தகாலத்து அசல், பத்திரமாக வையுங்கள் என்று அவள் சொன்னாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. பணத்தை நாற்காலிக் கையில் வைத்துவிட்டுப் பெட்டிகளை அவரே தூக்கிக்கொண்டு போனார். ஆனால் போன இடத்திலெல்லாம் ஒன்றைச் சொன்னார்: அந்தப் பொம்பளையை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, ஆனால் பேட்ஜ் என்றால் அவளிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

அப்படித்தான் அவளுக்குத் தொழில் அமைந்தது. முகம் கொடுத்துப் பேசாத வியாபாரிகள் ஆட்டோக்காரர் கையில் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புவார்கள். மாயம்மாள் பார்த்து, அசல் போலி பிரித்து, உத்தேச விலையையும் மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். ஒன்றுக்கு நூறு ரூபாய். சண்டைக்கு வருகிறவர்களுக்கு நூற்றைம்பது. நாத்தனார் அலமாரியைத் திறந்து வைக்க ஆரம்பித்தாள். அதை மாயம்மாள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

சங்கப் பஞ்சாயத்து முடிந்து எட்டு மாதம் இருக்கும். மத்தியான வெயிலில் ஷிபுவே வந்தான். ஃபோர்ட்கொச்சியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு பிஸ்கட் டின்னைச் சிட்டவுட் திண்டில் வைத்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மொத்தமாக வாங்கத் தயாராக இருந்தார். அவள் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால்தான் வாங்குவேன் என்றிருந்தார்.

“உன் சீட்டுக்கு இப்போ அவ்வளவு விலை” என்றான்.

மாயம்மாள் டின்னைக் கவிழ்த்தாள். முப்பத்தொன்று. எடுத்த எடுப்பிலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது, நல்ல சரக்கு. பீரங்கி போட்ட ஒன்றில் சக்கரத்தை நகத்தால் தட்டினால் சுழன்றது. அப்படிச் சுழலும் சக்கரம் சாதாரண சிப்பாய்க்குக் கொடுத்ததல்ல. இதையெல்லாம் போலி என்று ஒரு வரி எழுதினால் போதும். ஷிபு இவற்றைப் பழைய பித்தளை விலைக்குத்தான் போட வேண்டும். அவள் அந்த நினைப்பை விரட்டவில்லை. கொஞ்ச நேரம் அதை ருசித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சோற்றுப் பாத்திரத்தில் ஜிஷா கரண்டியை விட்டுத் துழாவியது கண்ணில் வந்து போனது.

கடைசியாக ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். திண்டில் தனியே வைத்தாள்.

“முப்பது அசல். இது மட்டும் புதுசு. வினிகர் வாசம் இன்னும் போகல. ஜிஷாகிட்ட ரெண்டு நாள் வெயில்ல வைக்கச் சொல்லுங்க.”

ஷிபுவின் முகம் கறுத்தது. “உன்னைச் சோதிக்கப் போட்டது.”

“நிறுத்திட்டேன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அதுவும் சோதனையா?”

அவள் சீட்டை எழுதினாள். முப்பதுக்கும் தனித்தனியே விலை போட்டாள். குறைத்தும் போடவில்லை, கூட்டியும் போடவில்லை. அவன் வாங்கிப் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான்.

“எல்லாத்தையும் போலின்னு நீ எழுதுவேன்னு நெனச்சுத்தான் வந்தேன்” என்றான்.

“எழுதத்தான் தோணிச்சு. உங்களுக்காகப் பதினோரு வருஷம் பொய் செஞ்சாச்சு. உங்க மேல உள்ள கோவத்துக்காக இன்னொண்ணு செய்யணுமா? முப்பத்தொண்ணுக்கு நூத்தைம்பது. நாலாயிரத்து அறுநூத்தைம்பது.”

“நூறுதானே வாங்குறே?”

“உங்களுக்கு நூத்தைம்பது.”

அவன் பணத்தைக் கையில் கொடுக்காமல் திண்டில் வைத்தான். முப்பதையும் டின்னில் அள்ளிப் போட்டுக்கொண்டான். புதுசை எடுக்கவில்லை. கேட்டைச் சாத்தாமலே போனான். மாயம்மாள் எழுந்து போய்க் கேட்டைச் சாத்தினாள். திரும்பும் வழியில் அந்தப் புது பேட்ஜை எடுத்து, காலையில் கழுவிய மத்தி மீனின் செதிலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.